ஒரு மாதிரி

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை கடலை ஒட்டி நீளும் குப்பங்களிலும், அவற்றுக்குப் பின்னால் சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் தொழிலாளர் தெருக்களிலும், வயதான ஒருவருக்குத் தேகநிலை கெடுகிறபோது வீட்டார் முதன்முதலாகச் சொல்லுகிற சொல், எந்த வைத்திய நூலும் வியாதியின் லட்சணமாகக் குறித்திராத ஒரு சொல்லாகவே பெரும்பாலும் இருக்கிறது. காய்ச்சல் என்றோ வலி என்றோ அவர்கள் தொடங்குவதில்லை. "ஆயா நேத்திலேருந்து ஒரு மாதிரியா கீது, சிஸ்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறார்கள். என்ன மாதிரி என்று கேட்டால் அதற்கு மேல் விளக்கம் வருவதில்லை. கேட்கிறவர் அவசரத்திலோ அலுப்பிலோ இருந்தால், வயதானவர்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. நாற்பது வருஷங்களாக இந்தப் பகுதியிலேயே வாழ்ந்து, அண்டை வீடுகளின் மூப்பையும் பிணியையும் அருகிருந்து பார்த்து வந்தவன் என்ற முறையில், நோயாளியைப் பற்றி ஒரு வீட்டார் தரக்கூடிய வாக்குமூலங்களுள் அந்த ஒரு சொல்லைவிடக் கனமானது வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் அது ஓர் ஒப்பீடு. நேற்றைய மனுஷியையும் இன்றைய மனுஷியையும் மனத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, இரண்டும் பொருந்தவில்லை என்று கண்ட ஒருவர், எங்கே பொருந்தவில்லை என்று சொல்லத் தெரியாமல் சொல்லுகிற சொல் அது. அந்தப் பொருத்தமின்மை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்கு என்ன செய்வது, யாரிடம் அனுப்புவது, எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்று நிர்ணயிக்கிற காரியம், நம்முடைய ஊரில் பெரும்பாலும் ஒரு செவிலியின் கையில்தான் முதலில் வந்து விழுகிறது. அந்தக் காரியத்துக்கு நாம் இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லை என்பதைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் மே மாதத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த குப்பத்தில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் காசிமேட்டில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவருடைய புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்காக, மாதம் இருமுறை வருகிற செவிலி ஒருவர் அன்றும் வந்திருந்தார். அவருக்கு வேலை அந்த வீட்டில்தான். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் குழந்தை ஓடிவந்து, தன் ஆயா ஒரு மாதிரியாக இருப்பதாகச் சொன்னது.

அந்த ஆயாவை எனக்கு நன்றாகத் தெரியும். எழுபதைத் தாண்டியவர், கூடை சுமந்து மீன் விற்றே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர், காலையில் வாசற்படியில் வந்து உட்கார்ந்தால் தெருவில் போகிற வருகிற ஒருவரையும் வார்த்தையால் தொடாமல் விட மாட்டார். செவிலி உள்ளே நுழைந்து கேட்ட முதல் கேள்வி, என்ன செய்கிறது என்பதாக இல்லை. "எப்பவும் எப்படி இருப்பாங்க?" என்று அந்தக் குழந்தையிடம் கேட்டார். குழந்தை சொன்னது: "எப்பவும் எல்லாரையும் திட்டிக்கினே இருக்கும். இன்னைக்குத் திட்டவே இல்ல."

ஆயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினார், பதில் மட்டும் வரவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. சென்னையின் மே மாதத்தில், தகரக் கூரையின் கீழ், வியர்க்காதவர் யார்? வியர்வை அங்கே எதற்கும் அடையாளமாகாது. செவிலி தம் புறங்கையை அவருடைய கழுத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற குழந்தையின் கழுத்தில் வைத்துப் பார்த்தார். குழந்தையின் வியர்வை சூடாக இருந்தது. கிழவியின் வியர்வை குளிர்ந்திருந்தது. உடனே பையைத் திறந்து, விரல் நுனியில் குத்தி, ஒரு துளி ரத்தத்தைப் பட்டையில் ஏற்றினார். சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே அபாயம்.

அடுத்து அவர் செய்தது சிறு காரியம்; ஆனால் என் மனத்தில் இன்றுவரை நிற்கிற காரியம். குழந்தையைச் சர்க்கரை எடுத்து வரச் சொன்னவர், அது வந்தவுடன் கரைத்து வாயில் ஊற்றிவிடவில்லை. முதலில் வெறும் தண்ணீரில் அரைக் கரண்டி எடுத்து உதட்டில் வைத்து, "முழுங்குங்க ஆயா" என்று சொல்லி, தொண்டையின் மணி மேலேறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். விழுங்கச் சக்தியில்லாதவருக்கு வாய்வழியே எதைக் கொடுத்தாலும் அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடக் கூடும் என்பதால், அந்த அரைக் கரண்டித் தண்ணீர் பதில் சொல்லுகிற வரையில் அவர் சர்க்கரையைத் தொடவில்லை. தொண்டை இறங்கிற்று. அதன் பின்பே மூன்று கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடியும் பார்த்தபோது 82. ஆயா கண்ணை உயர்த்தி, வீட்டுக்குள் இத்தனை பேர் ஏன் நிற்கிறீர்கள் என்று திட்டத் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஆபத்து கடந்துவிட்டதாகவே அனைவரும் நினைத்தோம்.

செவிலி மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அதுதான் நன்றாகிவிட்டதே என்று வீட்டார் மறுத்தார்கள். வேலையில்லாத மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் கூடப் போய் உட்காருவதென்றால் அதுவும் ஒரு செலவு. அவர் நிதானமாக விளக்கினார். ஆயா சாப்பிடுகிற மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிற கிளிபென்கிளமைடு என்ற மாத்திரை. அதன் வேகம் பல மணி நேரம் நீடிப்பது. வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்தவர்களிடத்தில், 24 மணி நேரத்துக்கு மேலும்கூடத் தேகத்தில் தங்கி, உள்ளே போன சர்க்கரையை மறுபடியும் மறுபடியும் கீழே இழுப்பது. இப்போது கண்டது குணமன்று. சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் கொடுத்த சிறிது அவகாசம். நடு இரவில் எல்லாரும் தூங்குகிறபோது அது மறுபடி இறங்கினால், தூங்குகிற கிழவியை யாரும் எழுப்பிப் பார்க்க மாட்டார்கள்.

108 ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்டான்லி மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அன்றிரவு அவருக்குச் சர்க்கரை மறுபடியும் இறங்கியது என்றும், பார்த்துச் சரிசெய்தார்கள் என்றும் மறுநாள் அறிந்தோம். வைத்திய உலகில் தீர்மானம் என்று சொல்லப்படுவதை நான் நேரில் பார்த்தது அன்றுதான். குத்திப் பார்த்ததையோ சர்க்கரை கொடுத்ததையோ சொல்லவில்லை. நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுகிற சமயத்தில், சுற்றிலும் எல்லாரும் நிம்மதி அடைந்துவிட்ட அந்தச் சமயத்தில், இன்னும் வராத ஓர் இரவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒருவர் பிடிவாதமாக நின்றாரே, அந்த நிலையைச் சொல்லுகிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வண்டி வருவதற்கு முன் செவிலி ஆயாவைக் கேட்டிருந்தார், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று. "சாப்டேன், சாப்டேன்" என்பதே பதில். பிறகு குழந்தையைத் தனியாக அழைத்துக் கேட்டபோது, இரண்டு நாளாக ஆயா நீராகாரம் மட்டும் குடித்துவிட்டுச் சோற்றைத் தங்களுக்கு வைத்துவிடுகிறது என்றது. ஆயாவிடம் திரும்பி வந்து, சாப்பிடாமல் மாத்திரையை ஏன் போட்டீர்கள் என்று செவிலி கேட்டார். அந்தக் கிழவி சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன்: "நீதானம்மா சொன்ன, சோறு தின்னாலும் தின்னாட்டியும் மாத்திரைய ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுன்னு?"

செவிலி முதல் பாதியைச் சொல்லியிருக்க மாட்டார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை நூறு வீடுகளில் நூறு முறை சொல்லியிருப்பார். சோறு இல்லாத நாள் ஒன்று அந்த வாக்கியத்தைச் சந்திக்கும் என்று சொன்னவரும் நினைக்கவில்லை, எழுதிக்கொடுத்தவரும் நினைக்கவில்லை. தடைக்காலத்தில் உலையில் அரிசி குறைந்தது. மாத்திரையின் அளவு குறையவில்லை. வியாதியின் மூலகாரணம் அந்த வித்தியாசத்தில் இருந்தது. செவிலியின் முகம் வாடியதைக் கண்டேன்.

மூப்பில் வியாதி தன் சுயரூபத்தில் வருவதில்லை என்பது வைத்திய சாஸ்திரம் நீண்ட அனுபவத்தால் கற்றுக்கொண்ட உண்மை. நுரையீரலில் சீழ் பிடித்தாலும் முதியவருக்குக் காய்ச்சல் வராமற்போகலாம். மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல், வெறும் மூச்சுத் திணறலாகவோ அசதியாகவோ வரலாம், சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்னும் அதிகமாக வரலாம். சிறுநீர்த் தொற்று, பேச்சுக் குழறலாகவும் பகலெல்லாம் உறக்கமாகவும் வெளிப்படலாம். ரத்தக் கொதிப்புக்காகச் சாப்பிடும் சில மாத்திரைகள் நாடியின் வேகத்தை அடக்கி வைத்திருப்பதால், உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதும் நாடி அமைதியாகவே பேசலாம். தாகம் என்ற உணர்ச்சியே வயதில் மழுங்குகிறது. சிறுநீரகத்தின் திறனை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் என்ற அளவும் தசையிலிருந்து பிறப்பது. மெலிந்த கிழவியிடம் தசை குறைவாதலால், சிறுநீரகம் பாதி தளர்ந்த பின்பும் காகிதத்தில் அந்த எண் சாதாரணமாகவே நிற்கும். உடம்பு தன் சாட்சிகளை ஒவ்வொன்றாக இழந்து வருகிற பருவம் அது. ஆகவேதான், எண்ணையும் நூலையும் எவ்வளவு மதித்தாலும், அந்த மனிதரின் வழக்கத்தை அறிந்தவர் சொல்லுகிற சொல் அங்கே இத்தனை மதிப்புப் பெறுகிறது.

இது நாட்டுப்புறத்து நம்பிக்கையாக நின்றுவிடவில்லை. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்பதை முன்கூட்டி அறிவதற்கென்று லண்டனிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிஸிஷியன்ஸ் என்ற சபை 2012-இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. மூச்சு, ரத்தத்திலுள்ள பிராணவாயு, ரத்த அழுத்தம், நாடி, பிரக்ஞை, உஷ்ணம் ஆகியவற்றை அளந்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துக் கூட்டுகிற முறை அது. 2017-இல் அதைத் திருத்தியபோது அவர்கள் புதிதாகச் சேர்த்தவற்றுள் ஒன்று, 'புதிதாக ஏற்பட்ட குழப்பம்'. அந்த ஒன்றுக்கு மட்டுமே மூன்று மதிப்பெண். நாடி 130-ஐத் தாண்டினால் கிடைப்பதும் அதே மூன்றுதான். புதிதாக ஏற்பட்டது என்று எப்படித் தெரியும்? பழையது எப்படி இருந்தது என்று தெரிந்த ஒருவர் சொன்னால்தான் தெரியும். எங்கள் குப்பத்துக் குழந்தை சொன்ன 'ஒரு மாதிரி' என்ற சொல், அந்த முதிர்ந்த சாஸ்திரத்துக்குள் இப்படி ஓர் எண்ணாகப் பிரவேசித்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்படிப்பட்ட தீர்மானத்தைச் செய்கிறவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற செவிலியும் ஹென்றி சில்வர் என்ற வைத்தியரும் 1965-இல் ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். வைத்தியர் இல்லாத கிராமங்களில் குழந்தைகளைப் பரிசோதித்து, நோயை நிர்ணயித்து, தக்கதைச் செய்யவோ அனுப்பவோ வல்ல செவிலியரை உருவாக்குவது அதன் நோக்கம். அதிலிருந்து கிளைத்து, இன்று வயது வந்தோருக்கும் முதியோருக்கும் என்றே தேர்ந்த செவிலியர்கள் அங்கே தனிப் பிரிவாக இருக்கிறார்கள்; அவர்கள் மருந்தும் எழுதுகிறார்கள். நம் நாட்டில் இந்திய நர்ஸிங் கவுன்சில் 2016-ஐ ஒட்டித் தீவிர சிகிச்சைக்கென்று அத்தகைய இரண்டாண்டு மேற்படிப்பை வகுத்தது. பிறகு பிரசவத்துக்கென்றும் ஒரு பயிற்சி வந்தது. ஜனன வாசலிலும், ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்குள் மரணத்தின் வாசலிலும் செவிலியின் தீர்மானத்துக்கு ஓர் அந்தஸ்தைக் கொடுக்க முன்வந்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூப்படைகிற அந்த இருபது முப்பது வருஷங்களுக்கு அத்தகைய அந்தஸ்து இன்னும் வரவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் முன்னோடி என்ற பெருமை இல்லாமல் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. செவிலியரைப் பதிவுசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-இல் வந்தது. முதியோருக்கென்று தனியே ஒரு பிரிவை 1978-இல் அதே மருத்துவமனையில் தொடங்கி, அந்த வைத்தியத்தை இந்நாட்டில் ஒரு துறையாக வளர்த்தவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். கிண்டியில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென 200 படுக்கைகளோடு தேசிய மையம் திறக்கப்பட்டது. எண்ணூரில் இருக்கிற ஒரு கிழவருக்குக் கிண்டி நகரத்தின் மறுமுனை. அவரைத் தேடிப் போகிற ஏற்பாடு வேறு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தின் வழியே, ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. நோய்த் தணிப்புச் செவிலியும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்குள் வருகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதொன்று அத்திட்டத்துக்குக் கிடைத்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய ஏற்பாடு இது. மாத்திரை வீடு தேடி வருகிறபோது, அந்த மாத்திரையைப் பற்றிய விவேகமும் உடன் வர வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

அன்று அந்தச் செவிலி வண்டி வருவதற்குள் தொலைபேசியில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். பார்த்ததைச் சொன்னார், செய்ததைச் சொன்னார், தம் அபிப்பிராயத்தைச் சொன்னார். சாப்பாடு இல்லாத நாளில் இந்த மாத்திரை வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்ல அனுமதி கேட்டார். டாக்டரம்மா உடனே சம்மதித்து, இவ்வயதினருக்கு அந்த மாத்திரையே உசிதமில்லை என்றும், மாற்றி எழுதுவதாகவும் சொன்னார். மருந்தின் பொறுப்பு வைத்தியரிடம் இருப்பதையும், கலந்து பேசி முடிவெடுப்பதையும் நான் குறைவாக எண்ணவில்லை. அது ஒரு நல்ல சம்பிரதாயம். ஆனால் அந்தத் தொலைபேசி எடுக்கப்படாத ஒரு மத்தியானத்தை நினைத்துப் பார்க்கிறேன். தமக்குத் தெரிந்திருந்தும், சொல்லும் உரிமை தமக்கு உண்டா என்று ஐயுற்று, ஒரு செவிலி வாய் திறவாமல் திரும்பிப் போகிற மத்தியானங்கள் இருக்கத்தான் செய்யும். பிழைத்தால் அது திட்டத்தின் வெற்றி. தவறினால் அது அவருடைய குற்றம். இந்த நிலையில் எவருடைய விவேகமும் தைரியமாக வளர முடியாது.

வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தின் கடைசியில், வைத்தியம் என்பது நோயாளி, தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து செய்பவனையும் சேர்த்து நான்கு கூறுடையது என்று வகுக்கிறார். அந்த நான்காமவரைச் சுட்ட அவர் ஆளும் சொல்லில் 'உழை' என்றால் பக்கம், அருகு என்று பொருள். அருகில் இருப்பதையே ஒரு தகுதியாக்கி, நான்கில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்த மொழி நம்முடையது. அருகில் இருப்பவர் காண்பதைத் தூரத்தில் இருப்பவர் காண முடியாது என்ற எளிய உண்மைதான் அந்தப் பங்கீட்டுக்கு ஆதாரம் என்று தோன்றுகிறது.

ஆயினும் அருகில் இருப்பதற்கே உரிய ஓர் அபாயமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. வழக்கத்தை அறிந்தவருக்கு வழக்கமே சில சமயம் கண்ணை மறைக்கும். 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தைச் சுற்றியும், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தின் கரைகளிலும், சாம்பலோடு பல்லாண்டுகள் வாழ்ந்தவர்களிடையே இருமல் ஒரு வியாதியாகவே எண்ணப்படுவதில்லை. வீட்டுச் சாமான்களுள் ஒன்றைப் போல அது இருக்கிறது. எப்பவும் எப்படி இருப்பார் என்று கேட்டால், எப்பவும் இருமுவார் என்பதே அங்கே பதில். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தின் கரையோரக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் இருட்டில் ஓடியபோது, மூச்சு முட்டுவது எல்லாருக்கும் தெரிந்தது. இருபது வருஷமாகச் சிறிது சிறிதாக முட்டுகிற மூச்சு யாருக்கும் தெரிவதில்லை.

அத்தகைய இடத்தில் செவிலி தம் காதை நம்புவதோடு நிறுத்தாமல் கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும் என்பதால், நாடி பிடிப்பவரைப் போலக் கையைப் பற்றிக்கொண்டே எண்ண வேண்டும். பன்னிரண்டிலிருந்து இருபது வரை இருக்க வேண்டிய எண் இருபத்தைந்தைத் தொட்டால், இருமல் பழையதானாலும் மூச்சு புதியது என்று அறிய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை என்ற விதியை, 'இது எப்பவும் உள்ளதுதான்' என்ற வாக்கியத்துக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. வழக்கத்தை அறிவது பாதி. அந்த வழக்கம் ஆரோக்கியமானதுதானா என்று கேட்பது மற்றப் பாதி. இரண்டுக்கும் இடையில் நின்று எது பெரிதென்று அன்றன்றைக்குத் தீர்மானிக்கிறவரைக் கட்டளை நிறைவேற்றுபவர் என்று மட்டும் அழைப்பது பொருந்துமா?

துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் விடியற்காலையில் இரண்டு முறை விழுந்தார். தலை சுற்றல் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவரைப் படுக்க வைத்து ஒரு முறையும், எழுந்து நிற்க வைத்து மூன்று நிமிஷத்துக்குள் மறுபடியும் ரத்த அழுத்தம் பார்த்தபோது, மேல் எண் முப்பது இறங்கியிருந்தது. இருபது இறங்கினாலே போதும், எழுகிறபோது மூளைக்கு ரத்தம் எட்டாமற் போகிறது என்று கொள்வதற்கு. கொதிப்புக்கு ஒன்றும், சிறுநீர்த் தடைக்கு ஒன்றும், வேறு வேறு வைத்தியர் எழுதிய இரண்டு மாத்திரைகளை அவர் படுக்கப் போகும்போது சேர்த்தே விழுங்கி வந்தார். ஒவ்வொன்றும் தனித்தனியே சரிதான். அவை ஒரே வயிற்றில் சந்தித்ததைக் கண்டவர், அவருடைய மாத்திரை டப்பாவைப் பாயில் கவிழ்த்து எண்ணிப் பார்த்த செவிலி ஒருவரே. நின்ற நிலையில் இன்னொரு முறை பார்ப்பதற்கு ஆகிற மூன்று நிமிஷம், ஒரு தொடையெலும்பைக் காப்பாற்றிவிடுகிறது.

எல்லாத் தீர்மானமும் ஏதேனும் செய்வதைப் பற்றியதும் ஆகாது. இனி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், கடல் சத்தம் கேட்கிற இந்த இடத்திலேயே இருக்கிறேன் என்று தெளிந்த புத்தியோடு சொல்லுகிற முதியவர்கள் இங்கே உண்டு. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதா, வலிக்கு வேண்டியதைச் செய்து, வாயை ஈரப்படுத்தி, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைப்பதா என்ற கேள்விக்கு எந்த அட்டவணையும் பதில் தருவதில்லை. அதற்கு முன், அந்தப் பேச்சு அவருடைய விருப்பம்தானா, பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்ற கூச்சமா, அல்லது சரிசெய்யக்கூடிய ஒரு வியாதியின் சோர்வா என்று பிரித்தறிய வேண்டும். சோற்றை ஒளித்து வைத்த கிழவி "சாப்டேன்" என்று சொன்னதைப் போலவே, சாகிற கிழவரும் நமக்காகப் பொய் சொல்லக் கூடும். அதைக் கண்டுகொள்ள நூலறிவோடு சிரத்தையும் வேண்டும். அந்த வீட்டுக்குப் பலமுறை வந்து போன பழக்கமும் வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவது பெரிய புதுமை ஒன்றுமன்று. வீடுகளுக்குப் போகிற செவிலியருக்கு முதியோர் வைத்தியத்தில் ஆழ்ந்த பயிற்சி வேண்டும். எந்தெந்த மருந்தை எந்தெந்த நிலையில் அவர்களே நிறுத்தலாம், குறைக்கலாம் என்று எழுத்தில் வகுத்த அதிகாரம் வேண்டும். கூப்பிட்டால் எடுக்கிற ஒரு வைத்தியர் எப்போதும் மறுமுனையில் வேண்டும். ஒரே பகுதியில் சில வருஷங்களாவது நிலைத்திருக்கிற உத்தியோகம் வேண்டும். கடைசியில் சொன்னதை நான் முதலில் வைப்பேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றப்படுகிறவருக்கு எந்தக் கிழவி எப்போதும் திட்டுவாள் என்று தெரிய நியாயமில்லை.

ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் பகுதியின் பழைய ஜனங்கள் இன்றைக்கும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்லுவார்கள். 1782-ஐ ஒட்டிய பஞ்ச காலத்தில், பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. ஆளுநர் ஸ்டான்லியின் பெயரும், 1938-இல் கல்லூரி என்ற அந்தஸ்தும் பின்னால் வந்தவை. முதலில் கஞ்சி, பிறகு மருந்து என்ற அந்த வரிசையை ஜனங்கள் பெயரிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

மறுவருஷம் ஏப்ரல் மாதம், தடைக்காலம் தொடங்கிய இரண்டாம் நாள், அந்தச் செவிலி எங்கள் பக்கம் வந்தார். கையில் இருந்த நோட்டில், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற முதியவர்கள் உள்ள மீனவர் வீடுகளை எல்லாம் தனியே குறித்திருந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றே. ஆயா வீட்டு வாசலுக்கும் வந்தார். ஆயா வழக்கம்போல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"சோறு ஆச்சா ஆயா?"

"இன்னும் இல்லம்மா. உலை வெச்சிருக்கு."

"அப்ப மாத்திரை?"

"அதுவும் இன்னும் இல்ல. சோறு வெந்தப்புறந்தான். எனக்குத் தெரியாதா?" என்று ஆயா திட்டினார். செவிலி அன்று சிரித்தார்.